சரித்திரம் படிப்போம்! சர்வாதிகாரத்தை முளையிலேயே இனம் காண்போம்!

"இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் சரிப்படும்!"

ஆர்.எஸ்.புரத்து டீக்கடை பெஞ்சிலும், ஆலை வாசலிலும், களத்து மேட்டிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. லஞ்சத்தைக் கண்டு வெறுத்தவர் சொல்கிறார். விலைவாசியில் வெந்தவர் சொல்கிறார். சொல்பவர் நமக்கு அன்னியர் அல்ல. நம்மோடு ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளிதான். அவர்மீது கோபித்துப் பயனில்லை. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டாக வேண்டும்: ஹிட்லர் வந்த நாட்டில் தொழிலாளி என்ன ஆனான், தெரியுமா?

1932 நவம்பர் தேர்தலில் ஹிட்லரின் கட்சி பெற்றது நூற்றுக்கு 33 வாக்குகள்தான். சோஷல் டெமாக்ரட்டுகளும் கம்யூனிஸ்டுகளும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் நூற்றுக்கு 37! ஆனால் வாக்குகளைக் கூட்டினால் போதுமா? கைகள் கூடவில்லை. வேலையற்றோர் சுமார் 60 லட்சம் பேர் தெருவில் நின்ற காலத்தில், தொழிலாளர் கட்சிகள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டிருந்தன. 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பிரதமரானான். பிப்ரவரி 20-ல் பெரும் ஆலை முதலாளிகள் அவனைச் சந்தித்துத் தேர்தல் நிதி கொடுத்தார்கள். 27-ந் தேதி இரவு பார்லிமெண்ட் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, எழுத்துரிமை, கூட்டம் கூடும் உரிமை அத்தனையும் ரத்து! மார்ச் 23-ல் சட்டம் இயற்றும் அதிகாரமே மந்திரிசபையின் கைக்குப் போயிற்று. கம்யூனிஸ்டு அங்கத்தினர்களைச் சபைக்குள் நுழையவே விடவில்லை. எதிர்த்து வாக்களித்தவர்கள் 94 சோஷல் டெமாக்ரட்டுகள் மட்டுமே.

அடுத்து வந்ததைத் தொழிலாளிகள் ஒருபோதும் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு மே தினத்தை ஹிட்லரே தேசிய விடுமுறையாக அறிவித்தான். கொடி என்ன, வாத்தியம் என்ன, ஊர்வலம் என்ன! சங்கத் தலைவர்களே தம் ஆட்களை அந்த விழாவுக்கு அழைத்தார்கள். மே 2 காலையில் நாடு முழுதும் சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. உழைத்துச் சேர்த்த சந்தாப் பணம் பறிபோயிற்று. தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். முதல் நாள் மாலை மரியாதை, மறுநாள் விலங்கு!

1934-ல் வந்த தொழிற்சட்டம் முதலாளிக்கு 'ஆலையின் தலைவர்' என்றும், தொழிலாளிக்குத் 'தலைவரைப் பின்பற்றுபவர்' என்றும் பெயர் சூட்டியது. கூலி பேசும் உரிமை போயிற்று, வேலைநிறுத்தம் குற்றமாயிற்று. 1935-ல் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலைப் புத்தகம். விவசாயக் கூலி தவணை முடியுமுன் பண்ணையை விட்டுப் போனால் புத்தகத்தை எஜமான் பிடித்து வைத்துக்கொள்ளலாம். புத்தகம் இல்லாமல் வேறிடத்தில் வேலை கிடையாது. முன்பணக் கடனைக் காட்டிப் பண்ணையாளைக் கட்டிப்போட்ட பண்ணாடிகளின் கதையைத் தாத்தன் வாயால் கேட்டவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? யூத மக்கள் சுமார் 60 லட்சம் பேரைக் கொன்று, உலகையே யுத்தத்தில் தள்ளி, 12 ஆண்டுகளில் முடிந்தது அந்த 'ஒழுங்கு'!

அது எங்கோ ஜெர்மனியில் என்று தள்ளிவிட முடியாது. 1975 ஜூன் 25-ல் நம் நாட்டில் அவசரநிலை பிறந்தது. "அப்போது ரயில் நேரத்துக்கு ஓடியது" என்று பெருமை பேசுவோர் இன்றும் உண்டு. அந்த ரயிலை ஓட்டிய தொழிலாளர்கள்தான் அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் வேலைநிறுத்தம் செய்து ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தார்கள் என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1975 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டம் குறைந்தபட்ச போனஸை நூற்றுக்கு 8.33-லிருந்து 4 ஆக வெட்டியது. தீபாவளிச் செலவுக்குப் போனஸை நம்பியிருந்த ஆலைக் குடும்பங்களுக்குச் சர்வாதிகாரம் என்றால் என்ன என்று அது புரிய வைத்தது. 1976 ஜனவரி 31-ல் தமிழக சர்க்கார் கலைக்கப்பட்டது. சென்னைச் சிறையில் தாக்குண்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977-ல் மாண்டார். விசாரணையின்றி அடைக்கப்பட்டவன் கோர்ட்டுக்கும் போக முடியாது என்று 1976 ஏப்ரல் 28-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் மறுத்து எழுதியவர் எச்.ஆர். கன்னா ஒருவரே.

இங்கே நம் வீட்டுக் குப்பையையும் கூட்டியாக வேண்டும். அந்த அவசரநிலையை இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சி ஆதரித்தது. மார்க்சிஸ்டுத் தோழர்கள் எதிர்த்து நின்றார்கள். ஆதரித்தது தவறு என்று 1978 பட்டிண்டா மாநாட்டில் கட்சியே ஒப்புக்கொண்டது. சோவியத் நாட்டிலும் 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 6,80,000 பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்நாட்டு ஆவணங்களே சொல்கின்றன. புரட்சிக்கு உழைத்த கம்யூனிஸ்டுகளும் அதில் மாண்டார்கள். செங்கொடியின் பெயரால் நடந்தாலும் கொடுமை கொடுமைதான். மற்றவன் தவறை மட்டும் படிப்பவன் சரித்திரம் படித்தவன் ஆகமாட்டான்.

நம் ஊர்ச் சரித்திரமாவது நமக்குத் தெரியுமா? ஆர்.எஸ்.புரம் என்பது நகரசபைத் தலைவராயிருந்த ரத்தினசபாபதி முதலியாரின் பெயர். டி.பி. ரோடு என்பதோ வெள்ளையன் அளித்த திவான் பகதூர் பட்டம். ஊருக்கு உழைத்தவர் பெயர் நிற்பதில் நமக்குக் குறையில்லை. ஆனால் 1946 ஜனவரி 8-ல் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளிகள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் ஆகியோரின் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் சொல்வார்கள்? பங்களா வீதிக்குப் பெயர்ப்பலகை இருக்கிறது. தூக்குமேடை ஏறியவனுக்கு நம் நினைவைத் தவிர வேறு பலகை எங்கே?

தன் சரித்திரம் அறியாதவனைப் பிரிப்பது சுலபம். 1997 நவம்பர்க் கலவரத்தையும், 1998 பிப்ரவரி 14 அன்று ஆர்.எஸ்.புரத்திலும் நகரின் பல இடங்களிலும் வெடித்த குண்டுகளையும் கோவை மறக்கவில்லை. ஒரே தறியில் நின்றவர்கள், ஒரே வரிசையில் சம்பளம் வாங்கியவர்கள், ஒருவரை ஒருவர் மதத்தின் பெயரால் சந்தேகித்தார்கள். லாபம் யாருக்கு? 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடநாட்டுத் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரப்பப்பட்டன. பயந்த ஏழைகள் மூட்டை கட்டினார்கள். "உன் பிழைப்பைக் கெடுத்தவன் பக்கத்தில் நிற்கும் ஏழைதான்" என்று எவன் சொல்கிறானோ, அவன் கையில்தான் சர்வாதிகாரத்தின் விதை இருக்கிறது.

ஆகவே தோழர்களே, அடையாளங்களை மனதில் வையுங்கள். முதலில் ஒரு கூட்டத்தாரைப் பகைவராகக் காட்டுவார்கள். பிறகு ஆபத்து என்று சொல்லி உரிமையைக் கேட்பார்கள். பத்திரிகையின் வாயைக் கட்டுவார்கள். அடுத்த குறி தொழிற்சங்கம். சங்கம் விழுந்த பிறகு நமக்காகப் பேச யார் மிஞ்சுவார்?

ஒவ்வொரு சங்கத்திலும், ஒவ்வொரு கிராமக் கிளையிலும் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். எழுத்தறிந்தவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர் கேள்வி கேட்கட்டும். 1946-ஐ அறிந்த வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவற்றைக் குறித்து வைப்போம். பெண் தொழிலாளர்களும் வடநாட்டுத் தோழர்களும் அந்த வட்டத்தில் உட்காரட்டும். பிறகு டீக்கடை பெஞ்சில் "ஹிட்லர் வரவேண்டும்" என்று ஒருவர் சொன்னால், சண்டைக்குப் போக வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, 1933 மே 2-ந் தேதி காலையில் நடந்ததை நிதானமாகச் சொல்லுங்கள்.

தெரிந்துகொண்ட தொழிலாளி ஏமாறமாட்டான். ஒன்றுபட்ட தொழிலாளி தோற்கமாட்டான். படிப்போம்! ஒன்றுபடுவோம்! ஜனநாயகத்தைக் காப்போம்!