அம்மாவின் பெயரில் ஓர் இசைத்தொகுப்பு



ஒரு பாடகி தனது இசைத்தொகுப்புக்குத் தன் தாயின் பெயரையே வைத்தார். அந்தத் தாய் நம்மில் பலரைப் போலவே போரினால் ஊரைவிட்டுப் புறப்பட்ட ஒரு தமிழ்ப் பெண். மூன்று பிள்ளைகளைத் தனித்து நின்று வளர்த்தவர். தையல் ஊசியை நம்பிக் குடும்பத்தைக் கொண்டு நடத்தியவர். 2007ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் வெளிவந்த அந்தத் தொகுப்பின் பெயர் 'கலா'. அது உருவான கதையை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பாடகியின் பெயர் மாதங்கி அருட்பிரகாசம். மாயா என்றும் அழைப்பார்கள். மேடையில் அவருடைய பெயர் எம்.ஐ.ஏ. 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாகவே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். தந்தை அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவர். அவர் வீட்டில் இருந்த நாட்கள் மிகக் குறைவு. யாழ்ப்பாணம், சென்னை என்று அலைந்த பின்னர், 1986இல் கலா தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு அகதியாகச் சென்றார். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற இடத்தில், அரசாங்க வீட்டுத்திட்டமொன்றில் அவர்களுக்கு இருப்பிடம் கிடைத்தது. மாயா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தது அதன் பிறகுதான்.

எம்.ஐ.ஏ. என்ற மூன்று எழுத்துகளுக்கும் ஒரு பொருள் உண்டு. போரில் காணாமற்போனவர்களைக் குறிப்பதற்கு இராணுவங்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. படத்தைக் கையில் ஏந்தி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் நம் தாய்மாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

'றப்' என்றால் என்னவென்று சில சகோதரிகள் கேட்கக்கூடும். இராகம் போட்டுப் பாடாமல், தாளத்துக்கு இசையச் சொற்களை அடுக்கி வேகமாகச் சொல்லும் முறை அது. நம் கூத்தில் கட்டியகாரன் தாளத்தோடு சொல்லிக்கொண்டு வருவதைப் பார்த்தவர்களுக்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. 1970களில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரில், பிரொன்க்ஸ் என்ற வறிய பகுதியில் வாழ்ந்த கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞர்களிடமிருந்து பிறந்தது. பெரிய வாத்தியங்களோ சங்கீதப் பயிற்சியோ இல்லாதவர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொல்வதற்குக் கண்டுபிடித்த வழி என்றும் அதைச் சொல்லலாம்.

மாயாவும் சங்கீதம் படித்தவரல்லர். கலைக் கல்லூரியில் ஓவியமும் திரைப்படமும் படித்தவர். எலாஸ்ரிக்கா என்ற ஆங்கில இசைக்குழுவின் பாடகி ஜஸ்ரின் பிரிஷ்மான் கொடுத்த, தாளம் அமைக்கும் சிறிய இயந்திரம் ஒன்றில்தான் அவர் தனது முதற் பாடல்களைத் தானே தட்டித் தட்டி உருவாக்கினார். 2005இல் வெளிவந்த முதல் தொகுப்புக்கு 'அருளர்' என்று தந்தையின் பெயரை வைத்தார். அது பிரித்தானியாவின் மெர்க்குரி பரிசுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த தொகுப்பு தாயின் பெயரில் என்று முடிவாயிற்று.

இந்த இரண்டாவது தொகுப்பை அமெரிக்காவில், பெயர்பெற்ற இசைத் தயாரிப்பாளர்களுடன் இருந்து செய்வதுதான் திட்டம். ஆனால் 2006இல் அமெரிக்காவில் தங்கி வேலை செய்வதற்கான விசா அவருக்குக் கிடைக்கவில்லை. பாடல்கள் கேட்டு வரவேற்ற நாடே ஆளை உள்ளே விட மறுத்தது. விண்ணப்பப் படிவம், நேர்முகம், "பிறகு வாருங்கள்" என்ற பதில், இவையெல்லாம் நமக்கும் பழக்கப்பட்டவைதாம்.

அவர் விசாவுக்காகக் காத்திருந்து காலத்தைப் போக்கவில்லை. எந்த நாடு கதவைத் திறந்ததோ அங்கே போனார். சுவிச் என்ற பெயரில் அறியப்படும் ஆங்கிலேயத் தயாரிப்பாளருடன் இந்தியா, ரினிடாட், ஜமெய்க்கா, அவுஸ்திரேலியா, லைபீரியா, யப்பான் என்று அவர் சென்ற இடங்களின் ஒலிகள் எல்லாம் இந்தத் தொகுப்புக்குள் வந்து சேர்ந்தன. கதவு மூடப்பட்டதால் பாட்டு நிற்கவில்லை. அது வேறு வடிவம் எடுத்தது.

சென்னையில் ஏ.ஆர்.றஹ்மானின் ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்த வேலை நமக்கு மிகவும் நெருக்கமானது. அங்கே அவர் தேடிப் பிடித்தது உறுமி மேளத்தை. கோயில் திருவிழாவிலும் சாவீட்டிலும் ஒலிக்கின்ற, 'பெரிய' சங்கீதக்காரர்கள் தம் மேடைக்கு அழைக்காத வாத்தியம் அது. உறுமி அடிக்கும் கலைஞர்களைக் கூட்டி அடிக்கச் செய்து பதிவு செய்தார்கள். 'பேர்ட் புளூ', 'போய்ஸ்' ஆகிய பாடல்களில் அந்த உறுமியின் முழக்கத்தைக் கேட்கலாம்.

இப்படியான தொகுப்பு செய்யப்படும் முறையும் அறியத்தக்கது. எல்லோரும் ஒரே நாளில் ஒன்றாக இருந்து பாடி முடிப்பதில்லை. மேளம் ஒரு நாட்டில் பதிவாகும். குரல் இன்னொரு நாட்டில் பதிவாகும். சிறுவர்களின் சத்தம், பழைய பாட்டின் ஒரு துண்டு, தெருவின் இரைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து, வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைப்பார்கள். மிஞ்சிய துணிகளைப் பொருத்தித் தைக்கும் நம் சகோதரிகளுக்கு இந்த வேலை எளிதில் விளங்கும்.

அவுஸ்திரேலியாவின் ஆதிக்குடிச் சிறுவர்கள் சிலரும் ஒரு பாடலில் சேர்ந்திருக்கிறார்கள். நைஜீரியப் பின்னணி கொண்ட லண்டன் இளைஞர் ஒருவர் இன்னொன்றில் பாடுகிறார். 'ஜிம்மி' என்ற பாடல், 1982இல் வந்த 'டிஸ்கோ டான்ஸர்' என்ற ஹிந்திப் படத்தின் பாட்டைத் தழுவியது. சிறுமியாக இருந்தபோது விருந்துகளில் அந்தப் பாட்டுக்கு ஆடியதாக மாயா கூறியிருக்கிறார். இடம்பெயர்ந்த பிள்ளையின் நினைவில் ஒரு சினிமாப் பாட்டு கூடக் கூடவே வரும் என்பதை நாம் அறிவோம்.

பின்னர் அமெரிக்க விசா கிடைத்தது. தொகுப்பின் மிகப் புகழ்பெற்ற பாடலான 'பேப்பர் பிளேன்ஸ்', அதாவது 'காகித விமானங்கள்', இந்த விசாத் தொல்லையை மனதில் வைத்து எழுதப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வருபவர் எல்லோரும் பணம் பறிக்க வந்தவர்கள், ஆபத்தானவர்கள் என்ற எண்ணத்தைக் கேலி செய்கிறது. அந்தக் கேலிக்காகவே பல்லவியில் துப்பாக்கி வெடிச் சத்தமும் காசுப்பெட்டி திறக்கும் சத்தமும் வருகின்றன.

எங்கள் தையல் நிலையத்தில் இந்தத் தொகுப்பைப் பற்றிக் கதைத்த நாளில், அந்தச் சத்தம் வருமென்று முன்கூட்டியே சொன்னேன். ஓர் அக்கா, "எனக்கு அது வேண்டாம் பிள்ளை, நான் வெளியில இருக்கிறன்" என்று எழுந்து போனார். இளைய பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள், தாளம் போட்டார்கள். இரண்டும் சரியென்றே நான் நினைக்கிறேன். வெடிச்சத்தத்தைக் கேலியாக்கித் தன் பயத்தை வெல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கைகால் நடுங்குபவர்களும் இருக்கிறார்கள். "இதையெல்லாம் நீ தாங்கத்தான் வேண்டும்" என்று யாரையும் வற்புறுத்துவதற்கு யாருக்கும் உரிமையில்லை. பாட்டு முடிந்ததும் அந்த அக்கா உள்ளே வந்து கேட்ட கேள்வியை மட்டும் நான் மறக்கவில்லை: "பாட்டு இருக்கட்டும், அந்தத் தாய்க்கு என்ன நடந்தது?"

அதைச் சொல்வதற்கு முன் தொகுப்பின் வெற்றியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'கலா' விற்பனைப் பட்டியலில் அமெரிக்காவில் 18ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 39ஆம் இடத்தையும் அடைந்தது. 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை அதனை 2007ஆம் ஆண்டின் மிகச் சிறந்த தொகுப்பாகத் தெரிவு செய்தது. 2008இல் வந்த 'ஸ்லம்டோக் மில்லியனயர்' படத்தில் 'பேப்பர் பிளேன்ஸ்' இடம்பெற்றது. அது அமெரிக்கப் பாடல் வரிசையில் 4ஆம் இடம்வரை ஏறி, கிரமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டது. 2009 பெப்ரவரி 8ஆம் திகதி கிரமி மேடையில் மாயா நிறைமாத வயிற்றோடு பாடினார். மூன்று நாட்களில் மகன் பிறந்தான்.

அந்தத் திகதியை வாசிக்கும்போது வன்னிச் சகோதரிகளின் மனம் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும். அதே பெப்ரவரியில் நம்முடைய நிறைமாதப் பெண்கள் பதுங்குகுழிகளில் இருந்தார்கள். மாயா அந்த நாட்களில் வெளிநாட்டு ஊடகங்களில் வன்னி மக்களைப் பற்றிப் பேசினார். அவர் பேசிய விதத்தை ஏற்றவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் ஒளி நிறைந்த மேடையில் நின்ற அந்தத் தாய்க்கும் குழிக்குள் இருந்த தாய்க்கும் இடையிலிருந்த தூரத்தை எந்தப் பாட்டாலும் நிரப்ப முடியாது. இதை நாம் மறைக்கத் தேவையில்லை.

இனி அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். 2019இல் பிரித்தானிய அரசு, இசைக்கு ஆற்றிய பணிக்காக மாயாவுக்கு எம்.பி.இ. என்ற கௌரவத்தை அறிவித்தது. அப்போது மாயா பகிரங்கமாக ஒன்றைச் சொன்னார். மகாராணியின் பெயரால் வழங்கப்படும் அந்தப் பதக்கங்களைக் கையால் தைக்கும் வேலையைத் தன் அம்மா அகதியாக வந்த காலந்தொட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வந்தார் என்பதே அது. ஆயிரக்கணக்கானோரின் நெஞ்சில் ஏறிய பதக்கங்களுக்குப் பின்னால் அந்தத் தாயின் விரல்கள் இருந்தன. தையலுக்கு யாரும் பெயர் எழுதுவதில்லை. அம்மாவின் அந்த உழைப்பை மதிப்பதற்காகவே கௌரவத்தை ஏற்பதாக மகள் கூறினார்.

இதைச் சொல்லி முடித்தபோது எங்கள் நிலையத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பேச்சு எங்கள் சொந்த வேலைக்குத் திரும்பியது. நாங்கள் தைத்துக் கொடுக்கும் சிறுவர் உடுப்புகளை ஒரு வியாபாரி வாங்கி, தன் பெயர் பொறித்த துண்டை வைத்து விற்கிறார். கூலி துண்டுக்கணக்கில்தான். ஒரு சட்டைக்கு எத்தனை மணித்தியாலம் போகிறது என்று அதுவரை எவரும் எழுதி வைத்ததில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் கொப்பியில் தன் பெயர், தைத்த உடுப்பு, எடுத்த நேரம், நூலுக்கும் பொத்தானுக்கும் ஆன செலவு ஆகியவற்றை எழுதி வருகிறார்கள். கூலி பற்றிப் பேச வேண்டிய நாளில் கையில் கணக்கு இருக்கும். எங்கள் குழுவின் பெயரிலேயே ஒரு சிறு துண்டு அடித்து, உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் உடுப்புகளில் வைத்துத் தைக்கவும் தீர்மானித்திருக்கிறோம்.

எல்லோருடைய பிள்ளையும் பாடகியாகப் போவதில்லை; நம் பெயரை இறுவட்டில் பொறித்து உலகமெங்கும் அனுப்பப் போவதுமில்லை. ஆகவே பிள்ளைகள் புகழ்பெறும்வரை நாம் காத்திருக்க வேண்டாம். நம் உழைப்பின்மேல் நம் பெயரை நாமே எழுதப் பழகுவோம். நம் அம்மாமாரின் பெயரையும் எழுதுவோம். முகாமில் சமைத்தவர், செங்கல் அரிந்தவர், மீன் கருவாடு போட்டவர், ஒரு மெசினை வைத்து நான்கு பிள்ளைகளைப் படிப்பித்தவர் என்று நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு கலா இருக்கிறார்.

உங்கள் அம்மா என்ன வேலை செய்து உங்களை வளர்த்தார்? அவருடைய பெயரோடு நான்கு வரி எழுதி அனுப்புங்கள். எழுத முடியாதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவிக்கலாம். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். வரும் கடிதங்களை அடுத்த மாதம் இதே பக்கத்தில் சேர்ந்து வாசிப்போம்.