சொல்லிவிட்டுச் செய்வோம்

ஐந்து ஆண்டுகளுக்கு முன், ஓர் இரவு இரண்டு மணியளவில், ஏழு வயதான என் மகள் கன்னத்தைக் கையால் தாங்கியபடி எழுந்து உட்கார்ந்தாள். பொழுது விடிவதற்குள் வலக்கன்னம் வீங்கிவிட்டது. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பால் பல் சொத்தையாக இருப்பது எங்களுக்கு ஓராண்டாகவே தெரியும். “பால் பல்தானே, விழுந்து வேறு முளைத்துவிடும்” என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். காலையில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஒரு பல் மருத்துவமனைக்கு அவளை அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் அவள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: “ஊசி போடுவாங்களா, அம்மா?” “இல்லை கண்ணு, டாக்டர் சும்மா பார்ப்பார், அவ்வளவுதான்” என்றேன்.

ஊசி போட்டார்கள். பல்லைப் பிடுங்கினார்கள். நான் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தேன். உள்ளே இருவர் தன் கைகளைப் பிடித்துக்கொண்டதைப் பல நாள் கழித்து அவளே சொன்னாள். வலி அன்றே தீர்ந்தது. ஆனால் அதன்பின் எட்டு மாதங்கள் அவள் யாரிடமும் வாயைத் திறந்து காட்டவில்லை. பள்ளியில் நடந்த மருத்துவ முகாமிலும் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். அந்த எட்டு மாதங்களில் இடப்பக்கத்திலும் ஒரு பல் சொத்தையாகிவிட்டது.

இதைக் குறை கூறுவதற்காக எழுதவில்லை. அந்த மருத்துவர் செய்த சிகிச்சை தேவையானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. அன்று தவறு இரு பக்கமும் இருந்தது. முதல் தவறு என்னுடையது. குழந்தைகளின் பல் சிகிச்சையில் மருந்துக்கும் கருவிக்கும் இணையானது, முன்கூட்டிச் சொல்லப்படும் உண்மை. அது குழந்தைக்கும் சொல்லப்பட வேண்டும், பெற்றோருக்கும் சொல்லப்பட வேண்டும். இந்த ஐந்தாண்டுகளில் நான் வந்தடைந்த கருத்து இதுதான்.

முதலில் நம் வீடுகளில் வழங்கும் ஒரு சொல்லைப் பார்ப்போம். “பால் பல்தானே” என்பது அது. குழந்தைக்குப் பால் பற்கள் 20. முன்பற்கள் 6, 7 வயதில் விழத் தொடங்கிவிடும். கடைவாய்ப் பால் பற்களோ 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. அவை மெல்லுவதற்கு மட்டும் உள்ளவை அல்ல. பின்னால் வரவிருக்கும் நிலையான பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவையும் அவையே. சுமார் 6 வயதில், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால், முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமலேயே அது முளைப்பதால், அதையும் பால் பல் என்றே பெற்றோர் பலர் எண்ணிவிடுகின்றனர். முன்னால் உள்ள பால் பல் காலத்துக்கு முன்பே எடுக்கப்பட்டால், இந்தப் பெரிய பல் காலியிடத்தை நோக்கி மெல்லச் சாய்கிறது. பின்னர் முளைக்க வேண்டிய பல் இடமின்றிக் கோணலாக வருகிறது, அல்லது உள்ளேயே தங்கிவிடுகிறது. இதைத் தடுக்க, இடத்தைக் காக்கும் ஒரு சிறு கம்பி வளையத்தைப் பொருத்த முடியும். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியவில்லை. என் மகளுக்கு இப்போது பல்லில் கிளிப் போட நேர்ந்ததற்கு அந்தக் காலியிடமும் ஒரு காரணம்.

இது ஏதோ ஒரு வீட்டின் கவனக்குறைவு அன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை, பால் பற்களில் சொத்தையுள்ள குழந்தைகள் உலகில் சுமார் 51.4 கோடி பேர் என்று மதிப்பிடுகிறது.

எட்டு மாதங்களுக்குப் பின், உறவினர் ஒருவர் சொல்லி, தாம்பரம் பக்கம் குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஒரு பல் மருத்துவரிடம் சென்றோம். குழந்தைப் பல் மருத்துவம் என்பது, பல் மருத்துவப் பட்டம் பெற்றபின் மேலும் மூன்றாண்டுகள் படிக்கும் தனிப் பிரிவு என்பதும், கிளிப் போட்டுப் பற்களைச் சீரமைப்பது அதனினும் வேறான மற்றொரு பிரிவு என்பதும் எனக்கு அன்றுதான் தெரியும்.

முதல் நாள் அந்த அம்மையார் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை. நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினார். சிறு கண்ணாடியை மகள் கையிலேயே கொடுத்தார். காற்றடிக்கும் குழாயை அவள் உள்ளங்கையில் பிடித்தார். சுழலும் தூரிகையை அவள் நகத்தின் மேல் ஓட்டினார். இரண்டாம் நாள் ஊசியைப் பற்றி அவரே பேச்செடுத்தார். “சுருக்கென்று இருக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பொறுக்க முடியாவிட்டால் இடக்கையைத் தூக்கு. நான் உடனே நிறுத்திவிடுவேன்.” மகள் இருமுறை கையைத் தூக்கினாள். முதல் முறை வலித்ததற்காக அன்று. உண்மையாகவே நிறுத்துகிறாரா என்று பார்ப்பதற்காக. அவர் இருமுறையும் நிறுத்தினார். மூன்றாம் முறை கை எழவில்லை.

இந்த முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு அன்று. ‘சொல், காட்டு, செய்’ என்னும் இந்த வழியை அடல்ஸ்டன் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் 1959இலேயே எழுதி வைத்தார். குழந்தைப் பல் மருத்துவம் படிப்போர் அனைவரும் இன்று அதைக் கற்கின்றனர். அதே துறையில், அழும் குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அடக்கும் ஒரு முறையும் நெடுங்காலம் பாடமாகவே இருந்தது. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகம் 2006இல் அதைத் தன் நெறிமுறைகளிலிருந்து நீக்கியது. அச்சுறுத்தி முடிக்கும் வேலை அன்றோடு முடிந்தாலும் குழந்தையின் உள்ளத்தில் முடிவதில்லை என்பதை மருத்துவ உலகமே உணர்ந்து வருகிறது. “சேட்டை பண்ணினால் டாக்டரிடம் சொல்லி ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டும் வழக்கத்தை நம் வீடுகள்தாம் இன்னும் விடவில்லை.

கதவுக்கு உள்ளேயா, வெளியேயா என்ற கேள்வி காத்திருக்கும் அறையில் அடிக்கடி எழுகிறது. பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லும் மருத்துவர்களிடமும் நியாயம் உண்டு. தாயைக் கண்டால் சில குழந்தைகளின் அழுகை கூடும். தாயின் முகத்தில் தெரியும் பதற்றம் குழந்தையைத் தொற்றிக்கொள்ளும். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் குழந்தை யார் சொல்வதைக் கேட்கும்? ஆகவே, எல்லாப் பெற்றோரையும் எப்போதும் உள்ளே விட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எது முடிவானாலும், அதைச் சிகிச்சைக்கு முன்பே காரணத்தோடு சொல்ல வேண்டும். குழந்தையின் கையைப் பிடித்து அடக்க நேரிடுமானால், அதற்குப் பெற்றோரின் ஒப்புதலை முன்னரே கேட்க வேண்டும். உள்ளே அனுமதிக்கப்படும் பெற்றோரும் ஒரு மூலையில் அமைதியாக அமர்ந்து, பேச்சை மருத்துவருக்கு விட்டுவிட வேண்டும்.

குழந்தைக்குச் சொல்லிவிட்டுச் செய்யும் இந்த நெறியைப் பெற்றோரிடமும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் அடுத்த வேண்டுகோள். அது மிகவும் தேவைப்படுவது கிளிப் சிகிச்சையில்தான். சொத்தையை அடைப்பது ஓரிரு நாள் வேலை. கிளிப் போடுவதோ ஒன்றரை, இரண்டு ஆண்டுகள், நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்கு ஒருமுறை என்று தொடரும் உறவு.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பையனுக்குப் பதின்மூன்று வயதில் கிளிப் போட்டார்கள். முதல் தவணை எவ்வளவு என்பது மட்டுமே பெற்றோர் நினைவில் இருந்தது. எக்ஸ்ரே தனி, இடத்துக்காக நான்கு பற்களை எடுப்பது தனி, முடிவில் ரிடெய்னர் தனி என்பது ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பதினொன்றாம் மாதம் தந்தைக்கு வேலை போயிற்று, போவதை நிறுத்திவிட்டார்கள். கம்பி மட்டும் பையன் வாயிலேயே ஏழு மாதம் இருந்தது. இறுக்குவாரும் இல்லை, சரியாகத் துலக்கச் சொல்வாரும் இல்லை. கழற்றியபோது, கிளிப் ஒட்டியிருந்த இடங்களைச் சுற்றி வெண்ணிறத் திட்டுகள். சொத்தையின் தொடக்கம் அது என்றார்கள். அவன் இப்போதும் சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்கிறான். பற்கள் கோணலாக இருந்த காலத்தில் அவன் அப்படிச் செய்ததில்லை.

அந்த மருத்துவமனை ஏமாற்றியது என்று சொல்ல மாட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆனால் என்ன கேட்பது என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? முழுச் செலவையும், எத்தனை மாதம் என்பதையும், எந்தப் பற்களை எடுக்க நேரும் என்பதையும் ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்திருந்தால், அந்தக் குடும்பம் ஆறு மாதம் காத்திருந்து தொடங்கியிருக்கும். அல்லது வேறு இடம் தேடியிருக்கும்.

வேறு இடங்கள் இருக்கின்றன. 1953இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறி அங்கே போய்விடலாம். பொத்தேரி, இரத்தினமங்கலம் பகுதிகளில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில், ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிக்கின்றனர். பொதுவாகக் கட்டணம் குறைவு. அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது வரை உள்ளோருக்கான அத்திட்டத்தில் பல் நோய்களும் பிளவுபட்ட உதடு, அண்ணமும் சேர்ந்தவை. இவற்றுக்கும் ஒரு விலை உண்டு. அது நேரம். ஒரு நாள் முழுவதும் காத்திருந்தால் ஒரு நாள் கூலி போகும். பள்ளியில் ஒரு நாள் விடுப்பு. அந்தக் கணக்கையும் சேர்த்தே குடும்பம் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்க விவரம் வேண்டும்.

“ஒரு மாலையில் இருபது குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவருக்கு இவ்வளவும் பேச நேரம் ஏது?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. பேரூராட்சியாக இருந்த பீர்க்கன்கரணை 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. வீடுகளும் குழந்தைகளும் பெருகியதற்கேற்பக் காத்திருக்கும் அறைகளும் நிரம்பி வழிகின்றன. எனினும், எங்கள் மகளுக்கு முதல் நாள் செலவிட்ட அரை மணி நேரம், அடுத்து வந்த ஒவ்வொரு நாளும் மருத்துவருக்கே திரும்பக் கிடைத்தது. கையைப் பிடிக்க இருவர் தேவைப்படவில்லை. பாதியில் நிறுத்தி இன்னொரு நாள் வரச் சொல்லவும் நேரவில்லை.

பெற்றோராகிய நாம் செய்யக்கூடியதும் பெரிதன்று. முதல் பல் முளைத்தபின், ஒரு வயது நிறைவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவோம். வலி இல்லாத நாளில் செல்லும் குழந்தைக்கு அந்த நாற்காலி வெறும் நாற்காலிதான். ஏழு வயதளவில், பற்கள் அமையும் வரிசையை ஒருமுறை பார்க்கச் சொல்வோம். இந்தப் பல்லை எடுத்தால் இடத்தை என்ன செய்வது, எடுக்காமல் காப்பாற்ற வழி உண்டா, மொத்தச் செலவு எவ்வளவு, நடுவில் நிறுத்த நேர்ந்தால் என்ன ஆகும், கிளிப்பைக் கழற்றிய பின் ரிடெய்னரை எத்தனை காலம் அணிய வேண்டும் என்று தயங்காமல் கேட்போம். எழுதித் தரச் சொல்வோம். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. குழந்தை “ஊசி போடுவாங்களா?” என்று கேட்டால், தெரியாததைத் தெரியாது என்போம்: “எனக்குத் தெரியவில்லை கண்ணு, டாக்டரிடம் நாம் இருவருமாகக் கேட்போம்.”

என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சென்ற மாதம் கிளிப் போடும் நாளில், நான் வாயெடுப்பதற்கு முன்பே அவள் மருத்துவரைப் பார்த்து, “இன்றைக்கு என்ன செய்யப் போறீங்க? எவ்வளவு நேரம் வலிக்கும்?” என்று கேட்டாள். இரண்டு, மூன்று நாள் வலிக்கும், கஞ்சியும் இட்லியுமாகச் சாப்பிடு என்றார் அவர். மூன்று நாள் வலித்தது. நான்காம் நாள் காலை முறுக்கு கேட்டாள். அது கூடாது என்று அவளுக்கும் தெரியும். அடுத்த முறை எப்போது என்று நாட்காட்டியில் அவளே குறித்து வைத்திருக்கிறாள்.