பயிற்சியாளரை மாற்றினால் போதுமா?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரிய அணி தோற்றால், மறுநாளே பயிற்சியாளரை மாற்றச் சொல்லிக் குரல் எழும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2018 மார்ச்சில், என்சிஏஏ தேசியத் தொடரில், முதல் தரவரிசையில் இருந்த வர்ஜீனியா அணி 16ஆம் தரவரிசை யூஎம்பிசி அணியிடம் 54-74 என வீழ்ந்தது. ஆடவர் தொடரில் அதற்குமுன் இப்படி மோதிய 135 ஆட்டங்களிலும் முதல் தரவரிசை அணியே வென்றிருந்தது. வர்ஜீனியாவின் பயிற்சியாளர் டோனி பென்னட்டின் நிதான ஆட்டம்தான் கெடுத்தது என்றார்கள் சிலர். ஆட்களிடமே சரக்கில்லை என்றார்கள் வேறு சிலர்.

இடைவேளையில் 21-21. பிறகு யூஎம்பிசியின் ஜைரஸ் லைல்ஸ் தடுப்பவர்களைத் தாண்டித் தாண்டி வளையத்தை நோக்கிப் புகுந்தார்; மொத்தம் 28 புள்ளிகள். வர்ஜீனியாவோ மூன்று புள்ளி வீச்சுகளில் 22க்கு 4தான். பின்தங்கிய நேரத்தில், தடுக்க ஆளில்லாத வீச்சும் வளையத்தில் பட்டுத் திரும்பினால் கை கனத்துப்போகும். ஆடியவர்களுக்கு அது தெரியும். நிதானமாக ஆடும் அணிக்கு எட்டிப்பிடிப்பது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணிக்கட்டு முறிந்து வர்ஜீனியா வீரர் டிஆண்ட்ரே ஹன்டர் வெளியே உட்கார்ந்திருந்ததை எத்தனை பேர் கணக்கில் எடுத்தார்கள்?

நல்லவேளை, பென்னட்டை நிர்வாகம் கைவிடவில்லை. அவரும் தன் தடுப்பாட்டத்தை விடவில்லை. அதே தொடரின் 2019 இறுதியாட்டத்தில் கூடுதல் நேரம்வரை போராடி டெக்சாஸ் டெக்கை 85-77 என வென்றார்கள். அதில் ஹன்டர் மட்டும் 27 புள்ளிகள்.