ஒரே ஆட்டத்தில் முடியும் ஆண்டு: பல்கலைக்கழக மகளிர் கால்பந்தும் பெங்களூரும்

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டல மகளிர் கால்பந்துப் போட்டி ஆண்டுக்கொரு முறை, ஏதேனும் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது. தென் மாநிலங்களிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் அணிகள் வந்து சேர்கின்றன. தொடக்கச் சுற்றுகள் பொதுவாக நாக்-அவுட் முறையில் அமையும். எஞ்சி நிற்கும் நான்கு அணிகள் மட்டும் தம்முள் லீக் ஆடி, அகில இந்தியப் போட்டிக்குச் செல்லும். சில நாள்களில் எல்லாம் முடிந்துவிடும். நாக்-அவுட்டின் கணக்கு எளியது: முதல் சுற்றில் களமிறங்கும் அணிகளில் பாதி, ஒரே ஆட்டத்தோடு மூட்டை கட்டியாக வேண்டும். இரவெல்லாம் ரயிலில் வந்து காலையில் களமிறங்கிய அணிக்கும் இதுவே விதி. மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் ஒவ்வோர் ஆண்டும் முதல் சுற்றிலேயே தோற்கும் அணியின் மாணவி, தம் பல்கலைக்கழகச் சீருடையில் ஆடுவது மொத்தம் மூன்றே ஆட்டங்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியைச் சேர்த்தாலும் எண்ணிக்கை பெரிதாக உயராது. அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் நாக்-அவுட்தான்.

இந்திய மகளிர் கால்பந்து குறித்த கல்விப்புல விவாதங்கள் குடும்பத் தடை, உடை, ஊடகப் புறக்கணிப்பு ஆகியவற்றைச் சுற்றியே பெரிதும் அமைகின்றன. அவையெல்லாம் மெய்யான தடைகளே. ஆயினும் ஆட்ட அட்டவணை என்ற ஒன்று ஆய்வுப் பொருளாவது அரிது. தடைகளைத் தாண்டி மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிட்ட பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் எத்தனை ஆட்டங்களைத் தருகிறது என்னும் கேள்வியை, வீட்டார் மீதும் ஊரார் மீதும் பழி போட்டுத் தீர்த்துவிட முடியாது. அதற்கு விடை சொல்ல வேண்டியவை பல்கலைக்கழகங்கள்.

ஒப்புநோக்க அமெரிக்கா உதவும். கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 'டைட்டில் ஒன்பது' சட்டம் அங்கு 1972இல் வந்தது. அதன் பத்தாண்டுக்குப் பின், 1982இல், தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் மகளிர் கால்பந்துக்கு முதல் தேசியப் போட்டியை நடத்தியது. வட கரோலினா பல்கலைக்கழகம் வென்றது. அப்போது மகளிர் அணி வைத்திருந்த கல்லூரிகள் நூற்றுக்கும் குறைவு. இன்று ஆயிரத்துக்கும் மேல். 'கான்பரன்ஸ்' எனப்படும் வட்டாரக் கூட்டமைப்புகள் தத்தம் போட்டிகளைத் தொடங்கின. அட்லாண்டிக் கடலோரக் கூட்டமைப்பின் போட்டி 1988இல் பிறந்தது. அதுவும் தோற்றால் வெளியேற வேண்டிய நாக்-அவுட்தான். வேறுபாடு அதற்கு முன்னே இருக்கிறது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை வாரந்தோறும் ஆடிய ஒரு பருவத்தின் முடிவில் அப்போட்டி வருகிறது. நான்காண்டுப் படிப்பில் தொடர்ந்து களமிறங்கும் மாணவி ஏறத்தாழ 70 ஆட்டங்கள் ஆடி முடிப்பார். 1991இல் முதல் மகளிர் உலகக் கோப்பையை வென்ற அமெரிக்க அணியின் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ், அப்போது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளராகவும் இருந்தார். மியா ஹாம் அப்போது அங்கு மாணவி.

அந்த ஏற்பாட்டைப் போற்றிப் பாடவும் தேவையில்லை. தொலைக்காட்சிப் பணத்தைத் துரத்திய கூட்டமைப்புகள் நிலவியலையே மறந்துவிட்டன. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு 2024 முதல் 'அட்லாண்டிக் கடலோர'க் கூட்டமைப்பின் உறுப்பினர். மாணவிகள் வகுப்பை விட்டுக் கண்டத்தைக் குறுக்கே கடந்து பறக்கிறார்கள். இங்கிருந்து கற்க வேண்டியது பணத்தின் அளவை அன்று, ஆட்டங்களின் எண்ணிக்கையை.

இந்தியா பின்னே தொடங்கிய நாடும் அன்று என்பதுதான் இதில் உறுத்துவது. இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1975இல் உருவானது. 1980இன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. அவற்றுள் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று சீனத் தைபேயிடம் தோற்றது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இரண்டாமிடம். அமெரிக்க மகளிர் தேசிய அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியதோ 1985இல்தான். சாந்தி மல்லிக் 1983இல் அர்ஜுனா விருது பெற்றார். அவ்விருது அடுத்த கால்பந்து வீராங்கனையான ஓய்னம் பெம்பெம் தேவியைச் சென்றடைய 2017 ஆயிற்று. இடைப்பட்டவை 34 ஆண்டுகள். 1990களின் தொடக்கத்தில் நிர்வாகம் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் கைக்கு வந்தது. அதன் பின்னும், மாணவிகளை ஆண்டு முழுவதும் ஆட்டத்தில் வைத்திருக்கக்கூடிய கல்லூரி என்னும் அமைப்பு பருவம் எதையும் உருவாக்கவில்லை.

பெங்களூரு இந்தக் குறையை நன்கு காட்டும் நகரம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் இந்நகரத்தவர். 1937இல் ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய அணி பெங்களூர் முஸ்லிம்ஸ். அல்சூரை ஒட்டிய கௌதமபுரத்தில், தமிழ் பேசும் உழைப்பாளர் குடும்பங்கள் நிறைந்த தெருக்களில், அம்பேத்கரோடும் புத்தரோடும் அன்னை தெரசாவோடும் பீலேவுக்கும் சிலை உண்டு. அந்த வரிசையில் கால்பந்து வீராங்கனை ஒருவருக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. இந்தியாவுக்காக ஆடிய சித்ரா கங்காதரன் இதே நகரத்தவர்.

ஆனால் பெரிய நிகழ்வுகள் பெங்களூருக்கு வராமலில்லை. 2020 பிப்ரவரி 14 அன்று பெங்களூர் கால்பந்து மைதானத்தில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியாட்டத்தில் கோகுலம் கேரளம் கிரிப்சாவை 3-2 என வென்றது. கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் இரண்டாம் பதிப்பு 2022 ஏப்ரல், மே மாதங்களில் ஜெயின் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இங்கேயே நடந்தது. இவை வந்துபோகும் திருவிழாக்கள். பந்தல் பிரித்த மறுநாள் உள்ளூர்க் கல்லூரி மாணவிக்கு அடுத்த ஆட்டம் எப்போது என்ற கேள்வி அப்படியே நின்றது. கழகக் கால்பந்து இதைச் சற்றே உணர்ந்துவிட்டது: ஓரிடத்தில் கூடி ஆடிக் கலையும் முறையைக் கைவிட்ட இந்திய மகளிர் லீக், 2023-24இல் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடும் முறைக்கு மாறியது. பெங்களூரின் கிக்ஸ்டார்ட் உள்ளிட்ட ஏழு அணிகளுக்கும் தலா 12 ஆட்டங்கள் கிடைத்தன. பல்கலைக்கழகங்கள் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

நகரத்துக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழக லீக் நடத்துவது இங்கு கடினமன்று. 1964இல் தொடங்கிய பெங்களூர்ப் பல்கலைக்கழகம், அதிலிருந்து பிரிந்த இரண்டு, கிறைஸ்ட், ஜெயின், செயின்ட் ஜோசப், மகாராணி கிளஸ்டர், ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் என்று விரல்விட்டு எண்ணினாலே எட்டு. தனியார் பல்கலைக்கழகங்கள் வேறு. (ஒரு பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தபோது அணியில் இடங்கள் மும்மடங்காயின. வலிமை மூன்றாகச் சிதறியது என்பாரும் உண்டு. ஆட்டங்கள் கூடினால் அந்தக் குறை தானே சரியாகும்.) எட்டு அணிகள் ஒருமுறை மோதிக்கொண்டால் 28 ஆட்டங்கள், ஏழு சனிக்கிழமைகள். இரண்டு மைதானங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டங்கள். தங்குமிடச் செலவில்லை, மெட்ரோவும் மாநகரப் பேருந்தும் போதும். எவ்வளவு பலவீனமான அணியும் ஏழு ஆட்டங்கள் ஆடிய பின்னரே தென்மண்டலப் போட்டிக்குச் செல்லும்.

எழக்கூடிய மறுப்புகளில் பணமும் மைதானமும் அவ்வளவு வலுவானவை அல்ல. ஆண்கள் கிரிக்கெட்டுக்கு வார இறுதிகளில் கிடைக்கும் மைதானம் இதற்கும் கிடைக்கும், கேட்டால். வலுவான மறுப்பு சான்றிதழைப் பற்றியது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கும் மேற்படிப்புக்கும் மதிப்புப் பெறுவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளின் சான்றிதழே. கடலூரின் இந்துமதி கதிரேசன் தேசிய அணிக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். எளிய குடும்பத்து மாணவிகள் பலருக்குக் கால்பந்து என்பது அப்படியொரு வேலைக்கான வழியும்கூட. மதிப்பில்லாத லீக்குக்காக அவர்கள் ஏன் ஏழு சனிக்கிழமைகளைத் தர வேண்டும்? இக்கேள்வியைத் தவிர்த்துவிட்டு முன்வைக்கப்படும் எந்தத் திட்டமும் நேர்மையற்றது.

இதற்கு இரண்டு முடிவுகள் தேவை. மண்டலப் போட்டிக்கான அணியை இரண்டு நாள் தேர்வு முகாமில் அல்லாமல் லீக் ஆட்டங்களைக் கண்டு தேர்ந்தெடுப்பது ஒன்று. அப்போது சான்றிதழுக்கான பாதையே லீக் வழியாகச் செல்லும். சில பயிற்சியாளர்களின் விருப்பு வெறுப்புக்கு இருக்கும் இடமும் குறையும். மற்றொன்று வருகைப்பதிவு. மண்டலப் போட்டிக்குச் செல்லும் மாணவிக்குக் கிடைக்கும் சலுகை லீக் நாளுக்கும் பொருந்த வேண்டும். சனிக்கிழமை செய்முறை வகுப்பைத் தவறவிட்டவர் தேர்வெழுத முடியாமல் போகும் நிலை இருந்தால் ஒரு மாதத்தில் அணிகள் கலைந்துவிடும். இரண்டையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அளவில் செய்துகொள்ளலாம்.

செமஸ்டர் தேதிகளும் தேர்வுகளும் கலைவிழாவும் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் இடம்பெற்றுவிடுகின்றன. ஏழு சனிக்கிழமைகளைக் குறிக்க வேண்டியதும் அப்போதுதான். அக்டோபரில் கேட்டால் மைதானம் வேறு யாருக்கோ போயிருக்கும்.