கையிலே போன் இருந்துச்சு, கூப்பிடத் தெரியலை! மூணாங் கிளாஸிலேயே இதைச் சொல்லிக் கொடுங்க

போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, வார்டு ஆபீஸ். தினமும் நான் ஏறி இறங்குகிற இடங்கள் இந்த மூன்றுதான். இங்கே கிடைக்கிற சேதிதான் சாயங்காலம் உங்கள் கைக்கு வருகிறது. எழுதி முடித்ததும் பல சேதி மறந்து போகும். ஒன்று மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.

வட சென்னையில் ஒரு குறுகலான சந்து. அங்கே ஒரு ஆட்டோ டிரைவர். வயது 38. மத்தியானம் சவாரி முடிந்து வீட்டுக்கு வந்தவர், "நெஞ்சு கரிக்குது" என்று பாயில் படுத்தார். மனைவி வீட்டு வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் இருந்தது 7 வயதுப் பையன் மட்டும்.

படுத்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. தண்ணீர் கேட்டார். பையன் கொடுத்தான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பையன் உலுக்கிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்கு ஓடினான். பூட்டு. எதிர் வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் பூட்டு. அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிற சந்து அது. பகலில் யார் இருப்பார்கள்?

திரும்பி வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

தண்ணீர் கேன் போடுகிற வாலிபர் கதவைத் தட்டிய பிறகுதான் விஷயம் வெளியே தெரிந்தது. அவர்தான் 108க்குப் போன் செய்தார். வண்டி வந்தது. ஆனால் உயிர் போய்விட்டது.

இதில் என் மனசை அறுத்தது எது தெரியுமா? அத்தனை நேரமும் அப்பாவின் செல்போன் அந்தப் பையன் கையில்தான் இருந்தது!

"போன் இருந்துச்சே கண்ணா, யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"லாக்கு சார். அப்பாதான் தொறந்து குடுப்பாரு. அவுரு தொறக்கலை."

மறுநாள் பேப்பரில் மூன்றே வரி. "ஆட்டோ டிரைவர் திடீர் சாவு". எழுதியவன் நான்தான். இன்று மிச்சத்தையும் எழுதுகிறேன்.

பூட்டினாலும் பேசும்

செல்போன் பூட்டியிருந்தாலும் அவசரத்துக்குக் கூப்பிடலாம். பூட்டிய திரையிலேயே "அவசர அழைப்பு" என்று ஒரு இடம் இருக்கும். அதைத் தொட்டு 112 போட்டால் போதும். பேட்டர்ன் வேண்டாம், ரகசிய எண் வேண்டாம். காசு தீர்ந்த போனிலும் போகும். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அந்த ஒரே நம்பர்.

நம்ம மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008லிருந்து ஓடுகிறது. ஒரு பைசா கட்டணம் கிடையாது. இது பெரியவர்களுக்குத் தெரியும். 7 வயதுப் பையனுக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. பொம்மைப் படம் எங்கே வரும் என்று அவனுக்குத் தெரியும். பாட்டை எப்படி மாற்றுவது என்று தெரியும். அப்பாவுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட மட்டும் தெரியாது.

கூப்பிட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? அதை டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும். அந்த வாய்ப்புகூட இல்லாமல் போனது கொடுமை இல்லையா?

ராக்கெட் மட்டுமா?

இது நடந்து சில மாதம் கழித்து ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். பள்ளி வாசலில் சாக்கடை பொங்கி ஓடுவதாகப் புகார். குறிப்பு எடுத்துக்கொண்டு திரும்பும்போது மூன்றாம் வகுப்பில் டீச்சர் பாடம் நடத்துகிற சத்தம் கேட்டது. அப்படியே ஜன்னல் ஓரம் நின்றுவிட்டேன்.

"தொழில்நுட்பம்னா என்ன?" என்று கேட்டார் டீச்சர்.

"செல்போன்!" "கம்ப்யூட்டர்!" "ராக்கெட்டு டீச்சர்!"

"சரி. காலையில எழுந்ததுலேர்ந்து இங்க வர்ற வரைக்கும் உங்களுக்கு எதெது உதவி பண்ணுச்சு, சொல்லுங்க."

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அடி பம்ப். காஸ் அடுப்பு. பாட்டியின் மூக்குக் கண்ணாடி. நடக்க முடியாத அண்ணனின் மூன்று சக்கர வண்டி. சிக்னலில் வருகிற பச்சை மனுஷன். தெரு விளக்கு.

"இதெல்லாம் தொழில்நுட்பம்தான். மனுஷனுக்கு ஒரு கஷ்டம் வந்துச்சு. யாரோ ஒருத்தர் யோசிச்சாரு. ஒரு பொருள் வந்துச்சு" என்றார் டீச்சர்.

எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. நானும் பள்ளிக்கூடம் போனவன்தான். பிளஸ் டூவோடு படிப்பு முடிந்தது. ஒருத்தரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லையே!

நாற்றம் யார் போட்டது?

அந்த வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து கேட்டான். "டீச்சர், காஸ் ஏன் நாறுது?"

சிரிப்பு. ஆனால் டீச்சர் சிரிக்கவில்லை. சமையல் காஸுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாதாம். எத்தில் மெர்காப்டன் என்கிற நாற்றமுள்ள சரக்கை வேண்டுமென்றே கலக்குகிறார்கள். கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று! "அந்த நாத்தம்தான் உங்க வீட்டுக் காவல்காரன்" என்றார்.

இதன் அருமை எனக்குத் தெரியும். தீக்காய வார்டு வாசலில் எத்தனை தடவை நின்றிருக்கிறேன்! "நாத்தம் வந்துச்சு, இன்னான்னு பாக்க லைட்டைப் போட்டேன் சார், அவ்ளோதான்" என்று முனகுவார்கள். சுவிட்சில் ஒரு சின்னப் பொறி போதும். காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கி நிற்கும்.

எனவே சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சி கூடவே கூடாது. பெரியவர்கள் ரெகுலேட்டரை மூட வேண்டும். கதவு, ஜன்னலைத் திறக்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்து 1906க்குப் போன் செய்ய வேண்டும். குழந்தை எதையும் தொட வேண்டாம். "நாத்தம் வருது, லைட்டைப் போடாதீங்க" என்று கத்திக்கொண்டு வெளியே ஓடினால் போதும். ஒரு குடும்பமே தப்பிக்கும்.

பேத்தி அழுத்திய நம்பர்

இன்னொரு கேஸ். பூ விற்கிற கிழவி. ஒரு மர்ம ஆசாமி போன் செய்தான். "கல்யாணத்துக்குப் பூ வேணும். முன்பணம் அனுப்புறேன், ரகசிய நம்பரைப் போட்டு வாங்கிக்குங்க." கிழவிக்குப் படிக்கத் தெரியாது. நாலாம் வகுப்பு படிக்கிற பேத்திதான் அழுத்திக் கொடுத்தாள். 6 ஆயிரம் ரூபாய் வரவில்லை, போனது!

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் அந்தக் குழந்தை தேம்பித் தேம்பி அழுதாள். "என்னாலதான், என்னாலதான்" என்கிறாள். திருடியவன் எங்கோ சௌக்கியமாக இருக்கிறான். தண்டனை பச்சைக் குழந்தைக்கு!

பணம் வாங்க ரகசிய நம்பர் தேவையே இல்லை. நம்ம பணம் வெளியே போகும்போதுதான் அதைக் கேட்கும். இந்த ஒரு வரியை வகுப்பில் சொல்லியிருந்தால் அந்தக் குழந்தையே "ஆயா, இது டுபாக்கூர்" என்று தடுத்திருப்பாள். ஏமாந்த பிறகும் வழி இருக்கிறது. உடனே 1930க்குச் சொன்னால், பணம் கை மாறுவதற்குள் முடக்கிவைக்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் கோவிந்தாதான்.

"சின்னப் பிள்ளை கையில் போன் கொடுக்கலாமா?" என்று கேட்பீர்கள். கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் பல ஏழை வீடுகளில் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அந்தச் சின்னப் பிள்ளைதான். மெசேஜ் படித்துச் சொல்வது, பணம் வந்ததா என்று பார்ப்பது, எல்லாம் அதன் வேலை. அதுதான் நிஜம். நிஜத்துக்குத் தகுந்த பாடம் வேண்டாமா?

விலாசம் எங்கே?

108க்குப் போன் செய்தால் முதலில் என்ன கேட்பார்கள்? "எந்த இடம்?" என்றுதான். இங்கேதான் பெரியவர்களே தடுமாறுகிறார்கள். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய நம்பர், புது நம்பர் என்று இரண்டு. தெருப் பெயர்ப் பலகை மேல் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடை திறப்பு விழா போஸ்டர். ஆம்புலன்ஸ் டிரைவர் என்ன ஜோசியமா பார்ப்பார்?

அந்த டீச்சர் இதற்கும் வழி வைத்திருந்தார். தீப்பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் மாறி மாறி "போன்" பேசினார்கள். ஒரு சின்னப் பெண் மூச்சு விடாமல் சொன்னாள். "எங்க பாட்டி கீழ விழுந்துட்டாங்க. கண்ணு தொறக்கலை. பழைய நம்பர் 14, புது நம்பர் 31. தண்ணி டேங்க்குப் பின்னாடி சந்து. ரேஷன் கடைக்கு எதிர்ல. நான் வாசல்ல நிக்கிறேன், சீக்கிரம் வாங்க."

எட்டு வயது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன்தான் நினைவுக்கு வந்தான்.

"விளையாட்டுக்குப் போன் போட்டுத் தொல்லை கொடுப்பார்களே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். வாஸ்தவம். நீ விளையாடுகிற நேரத்தில் இன்னொருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார் என்பதையும் சேர்த்தே சொல்லித் தர வேண்டும். பிள்ளை விழுந்துவிடும் என்று ஊரில் யாரும் கிணறு வெட்டாமல் இருந்தார்களா? சுற்றிச் சுவர் எழுப்பினார்கள்.

பத்தே நிமிஷம்

2018ல் வந்த பாடப் புத்தகத்தில் கியூ.ஆர். கோடு அச்சடித்தார்கள். வகுப்பறைக்குப் பெரிய திரை வந்திருக்கிறது. நல்ல காரியம், பாராட்டுவோம். ஆனால் திரையைக் காட்டுவது மட்டும் தொழில்நுட்பப் பாடம் ஆகாது. ஆபத்தில் எது கை கொடுக்கும் என்று பிள்ளைக்குத் தெரிந்தால்தான் அது பாடம்.

வாரத்தில் பத்து நிமிஷம் போதும். 112, 108. காஸ் கசிந்தால் 1906. பணம் திருடு போனால் 1930. யாராவது அடித்தாலோ, தப்பாகத் தொட்டாலோ குழந்தையே கூப்பிட 1098. தெரு விளக்கு எரியாவிட்டால் சென்னையில் 1913. இதைச் சுவரில் பெரிதாக எழுதுங்கள். தீப்பெட்டிப் போனில் பேசிப் பழக்குங்கள். புதுப் பரீட்சை, புது நோட்டு எதுவும் வேண்டாம்.

போஸ்டர் ஒட்டுகிற மகராசன்களே, பெயர்ப் பலகையை விட்டுவிடுங்கள். நாளைக்கு ஆம்புலன்ஸ் தேடி வருவது உங்கள் வீடாகவும் இருக்கலாம்.

அம்மா அப்பாமார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பேப்பரைக் கீழே வைத்ததும் உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். "நம்ம வீட்டு விலாசம் என்ன? அப்பாவுக்கு மயக்கம் வந்தா என்ன பண்ணுவே?" என்று கேளுங்கள்.

பதில் வரவில்லையா? திட்டாதீர்கள். உங்கள் போனைப் பூட்டி அதன் கையில் கொடுத்து, அவசர அழைப்பு எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். நம்பரை அழுத்த வேண்டாம், இடத்தைக் காட்டினால் போதும். இன்று ராத்திரியே காட்டுங்கள்.