நாய்க்கு ஏ.சி. வண்டியா என்று கேட்பவர்களுக்கு

அமெரிக்காவில் கைவிடப்பட்ட நாய்களை, படுக்கையும் சமையல் மேடையும் வைத்த பெரிய வீட்டு வண்டியில் ஏற்றி, மாநிலம் விட்டு மாநிலம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓட்டிப் போய், வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் சேர்க்கிறார்கள். இதைச் சொன்னால் நம்மவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "மனுஷனுக்கே ஏ.சி. இல்லை, நாய்க்கு ஏ.சி. வண்டியா?" என்கிறார்கள். "காசு கொழுத்தவன் பண்ற வேலை சார்" என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாமல் விட்டால் குடி முழுகிவிடாது. மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறது பாருங்கள், அதுதான் என்னை எழுத வைத்தது. "அவனும் வண்டியில ஏத்தி வேற ஊருக்கு அனுப்புறான். நாமளும் வண்டியில ஏத்தித்தான் அனுப்பப் போறோம். இதுல என்ன வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது. ரயில்வே பார்சல் ஆபீஸில் 31 வருடம் உட்கார்ந்தவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

நாயும் என் கவுண்ட்டர் வழியாகப் போயிருக்கிறது. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுத்தவர்கள் கூடவே வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் புக் செய்து, கார்டு இருக்கும் பிரேக் வேனில் நாய்ப்பெட்டியில் ஏற்ற வேண்டும். வழியில் தீனியும் தண்ணீரும் உடையவர் பொறுப்பு. வாழைத்தார் ஆனாலும், பழைய சைக்கிள் ஆனாலும், அல்சேஷன் நாய் ஆனாலும், அனுப்புகிறவர் யார், வாங்கிக்கொள்கிறவர் யார் என்று எழுதாமல் வே பில் போட்டதில்லை. வாங்குகிறவர் பெயர் காலியாக இருந்தால் சரக்கு பிளாட்பாரத்தை விட்டு நகராது.

இப்போது அமெரிக்கக் கதைக்கு வருகிறேன். அந்த நாட்டின் தெற்கு மாநிலங்களில், அதாவது அலபாமா, மிசிசிப்பி, டெக்சஸ் பக்கம், நாய்க் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. அங்கே குளிர் குறைவு. வருடம் முழுக்கக் குட்டி பிழைக்கும். கிராமப்புறங்களில் குறைந்த செலவில் கருத்தடை செய்யும் இடங்களும் போதாது. வடகிழக்கில் நிலைமை தலைகீழ். பல வருடங்களாகக் கருத்தடையைப் பழக்கமாக்கிவிட்டார்கள். நாயை அவிழ்த்துவிட்டு வளர்ப்பதும் இல்லை. அதனால் காப்பகத்துக்குப் போய் ஒரு குட்டி கேட்டால் காத்திருக்கத்தான் வேண்டும். இங்கே கூண்டில் இடமில்லை என்று ஊசி போட்டுக் கொல்கிறார்கள், அங்கே கூண்டு காலி. நடுவில் இருப்பது சாலை மட்டுமே.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்தபோது இந்தச் சாலையை நாடு முழுக்கப் பார்த்தது. மீட்புப் படகில் நாய்க்கு இடமில்லை என்றதும், நீயும் வேண்டாம் உன் படகும் வேண்டாம் என்று வெள்ளத்திலேயே தங்கிவிட்டவர்கள் உண்டு. மீட்கப்பட்ட பிராணிகள் எங்கெங்கோ உள்ள மாநிலங்களுக்குப் போயின. பேரிடர்த் திட்டத்தில் வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று மறு வருடமே, 2006-ல், சட்டம் போட்டார்கள்.

மகன் மாசசூசெட்ஸில் இருக்கிறான். அவன் பக்கத்து வீட்டுக்காரர்கள் அலபாமாவிலிருந்து ஒரு நாயை எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். வண்டி வருகிற அன்று பார்க்க நானும் கூடப் போனேன். ஓட்டி வந்தவர்கள் கணவனும் மனைவியும். இருவருமே என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். பேரப்பிள்ளைகளோடு ஊர் சுற்ற வாங்கிய வண்டி. சோபாவையும் சாப்பாட்டு மேசையையும் கழற்றிவிட்டு 14 கூண்டுகளைச் சுவரோடு பட்டை போட்டு இறுக்கியிருந்தார்கள். ஒருவர் ஓட்டும்போது இன்னொருவர் தூங்குவாராம். 14 நாயோடு போனால் எந்த ஓட்டலில் அறை கொடுப்பான்? வீட்டு வண்டி என்றால் நாய்களோடேயே படுத்து எழுந்துவிடலாம். சிரிப்புக்கு ஆளான அந்த ஏ.சி.யும் சொகுசுக்காக இல்லை. கோடையில் கதவடைத்து நிறுத்திய வண்டிக்குள் சூடு ஏறினால் சில நிமிடங்களில் நாய் செத்துப்போகும். அதனால் எஞ்சினை அணைத்தாலும் ஓடுகிற மாதிரி ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். டீசல் செலவு மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் வளர்ப்பவர் கட்டும் தத்துக் கட்டணத்திலிருந்து. காசு கொழுத்தவர்களாக எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவின் முழங்காலில் பெல்ட் போட்டிருந்தது.

ஒவ்வொரு கூண்டின் மேலும் பிளாஸ்டிக் உறையில் காகிதங்கள். என் கண் முதலில் போனது அதற்குத்தான், பழக்க தோஷம். நாயின் பெயர், தோலுக்கடியில் வைத்த சிப்பின் எண், வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி, கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட ஆரோக்கியச் சான்றிதழ். கொசு மூலம் பரவி இதயத்தில் குடியேறும் புழு ஒன்று தெற்கே அதிகம். அதற்குச் செய்த சோதனையின் முடிவும் இருந்தது. கடைசியாக, வாங்கிக்கொள்கிறவர் பெயர். 14 கூண்டிலும் அந்த இடம் நிரப்பியிருந்தது.

வந்த அன்றே கையில் கொடுத்துவிடவும் இல்லை. வெளிமாநிலத்திலிருந்து காப்பகங்களுக்கு வரும் நாயை 48 மணி நேரம் தனியாக வைத்து, மருத்துவர் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று மாசசூசெட்ஸில் 2005 முதல் உத்தரவு இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மூன்றாம் நாள்தான் போய்க் கூட்டி வந்தார். அந்த நாய் ஒரு வாரம் சமையலறை மேசைக்கடியிலேயே கிடந்தது.

எல்லாம் புனிதம் என்று நான் சொல்லவில்லை. இதிலும் வியாபாரிகள் நுழைந்திருக்கிறார்கள். லாரியில் நெருக்கி அடுக்கி, வழியில் இறக்கிக்கூட விடாமல் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். வடக்கே காப்பகத்தில் ஏற்கெனவே கிடக்கும் வயதான, பெரிய நாய்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தெற்கேயிருந்து வரும் குட்டிக்குத்தான் கிராக்கி என்று அந்த ஊர்க்காரர்களே குறைப்படுகிறார்கள். நியாயமான குறை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. 14 நாயை ஏற்றி அனுப்பிவிட்டு, மிச்சம் இருக்கிறதுக்குக் கருத்தடை செய்யாவிட்டால் அடுத்த மாதம் அதே கூண்டுகளில் வேறு 14 இருக்கும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்ட கதைதான். அந்த நாட்டில் காப்பகங்களில் கொல்லப்படும் நாய், பூனைகள் 2011-ல் வருடத்துக்கு 26 லட்சமாக இருந்து, 2019-ல் 9 லட்சத்து 20 ஆயிரமாகக் குறைந்ததாக, 1866-லிருந்து இயங்கும் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற சங்கம் மதிப்பிடுகிறது. அது வண்டி மட்டும் செய்த வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதில் பெரிய பங்கு கத்திக்கும் தையலுக்கும்.

நம் நாட்டுத் தெருநாய்களும் அங்கே போய் வீடு கண்டன. டெல்லி வீதியிலிருந்து கனடா வரை விமானத்தில் போனவை உண்டு. 2022 செப்டம்பர் 28 முதல் கனடா அந்தக் கதவைச் சாத்திவிட்டது. வெறிநோய் ஆபத்து அதிகமுள்ள நாடுகளிலிருந்து தத்துக்கு நாய் வரக்கூடாது என்றார்கள். பட்டியலில் இந்தியா இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் தெருவில் ஊசி போட்ட நாய் எது, போடாதது எது என்று நமக்கே தெரியாதே.

அதனால்தான் நம் குடியிருப்பு விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுக்கு 200 ரூபாய் வசூலித்து, ஆள் வைத்து, நம் 11 நாய்களையும் ராத்திரியோடு ராத்திரியாகப் பிடித்து, பைபாஸ் தாண்டி ஏரிக்கரையில் விட்டுவருவதாக ஏற்பாடு. போன மாதம் மூன்றாவது தெருவில் ஒரு குழந்தையின் கெண்டைக்காலைக் கடித்ததிலிருந்து இந்தப் பேச்சு. அந்தத் தாயின் பதற்றம் எனக்குப் புரிகிறது. பேத்தி வைத்திருக்கிறவன் நான். ஆனால் ஏரிக்கரையில் யார் காத்திருக்கிறார்கள்? வே பில்லில் வாங்குகிறவர் இடத்தில் யார் பெயரை எழுதப் போகிறீர்கள்? ஏரிக்குப் பக்கத்திலும் ஊர் இருக்கிறது. அங்கேயும் பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் நடந்து வருகின்றன. நம் வாசல் குப்பையை ஊரான் வாசலில் தள்ளிவிட்டு, அமெரிக்காக்காரன் செய்ததைத்தான் செய்தோம் என்று சொல்லிக்கொள்வதா?

கடித்தது 11-ல் ஒன்று. மற்ற பத்தும் இஸ்திரி வண்டிக்கார அம்மா போடும் சோற்றைத் தின்றுவிட்டுக் கிடப்பவை. அவற்றை எடுத்துவிட்டால் தெரு காலியாக இருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? குப்பைத்தொட்டி இருக்கிற வரை, நம்மை அறியாத வேறு நாய்கள் வந்து சேரும், ஊசி போடாதவையாக. சென்னையில் நூறு வருடத்துக்கு மேல் பிடித்துப் பிடித்துக் கொன்று பார்த்தார்கள். நாய் குறையவில்லை. 1996-ல்தான் கருத்தடைக்கு மாறினார்கள். ஒரு பகுதி நாய்களில் நூற்றுக்கு 70-க்கு ஊசி போட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நமக்கு 11-ல் எட்டு.

சட்டமும் நம் பக்கம் இல்லை. பிடித்த நாயைக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது 2023-ஆம் வருட விதி. உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ல் சொன்னதும் அதுதான். வெறிநோய் கண்டதும் மூர்க்கமானதும் மட்டும் விலக்கு. நவம்பர் 7-ல் பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலைய வளாகங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னபோதும் காப்பகத்துக்குக் கொண்டுபோ என்றார்களே தவிர, ஏரிக்கரைக்கு என்று சொல்லவில்லை. பட்டினியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது கொடுமை என்று 1960-லேயே சட்டம் எழுதியாயிற்று.

200 ரூபாய் நான் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். கடித்த நாயைத் தனியாகப் பிடித்துக் கண்காணிப்பில் வைக்கவும், மற்ற பத்துக்கும் ஊசியும் கருத்தடையும் செய்யவும் மாநகராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். தனியாரிடம் செய்ய வேண்டி வந்தால் என் பங்கு 2,000 ரூபாய் என்று செயலாளரிடம் எழுத்தில் கொடுத்தாயிற்று. மனுவில் இதுவரை ஏழு கையெழுத்து, இஸ்திரி அம்மாவுடையதையும் சேர்த்து. ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்கக் கூட்டம். அதற்கு முன்னால் கையெழுத்துப் போட நினைப்பவர்கள் வீட்டுக்கு வரலாம், காலை ஆறு மணியிலிருந்து வாசலில்தான் இருப்பேன்.