மணங்களைப் பதிவுசெய்வோம்: கொள்கைப் பிரகடனம்

மணத்தைப் பிடித்துவைத்து, வேண்டும்போது மீண்டும் எழுப்பித் தரும் கருவி ஒருநாள் வரத்தான் போகிறது. அன்றைக்கு அதில் போட்டுப் பார்க்க நம்மிடம் என்ன மிஞ்சியிருக்கும்? இந்தக் கவலையே எங்களை ஓர் இயக்கமாகக் கூட்டியிருக்கிறது.

ஒளிப்படக் கலை 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-ல் பேசியது. மூக்குக்கு மட்டும் இன்னும் எதுவும் வாய்க்கவில்லை. கண்ணில் நிறம் காணும் செல்கள் மூன்றே வகை. அதனால் மூன்று நிறங்களைக் கலந்தே திரையில் உலகத்தைக் காட்டிவிடலாம். மூக்கின் ஏற்பிகளோ ஏறத்தாழ 400 வகை. அவற்றின் மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்சலும் கண்டறிந்து வெளியிட்டதே 1991-ல்தான். எதை எதோடு கலந்தால் எல்லா மணமும் பிறக்கும் என்பது இன்றும் விடுபடாத புதிர். 1960-ல் அமெரிக்காவில் 'சென்ட் ஆஃப் மிஸ்டரி' என்ற படத்துக்கு இருக்கைதோறும் குழாய் வைத்து மணம் அனுப்பினார்கள். காட்சியோடு மணம் சரியாகச் சேரவில்லை. முயற்சி அதோடு நின்றது.

மணத்தை எழுப்புவதுதான் கடினம். பிடித்துவைப்பது இன்றே முடியும். பூவைப் பறிக்காமல் அதன்மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அதில் என்னென்ன சேர்மங்கள் எந்த விகிதத்தில் உள்ளன என்று கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் பார்த்துவிடலாம். வாசனைத் திரவிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக இதைச் செய்கின்றன. ஆனால் அவை தேடுவது விலைபோகும் மணங்களை. கிடைத்த சூத்திரமும் தொழில் ரகசியமாகப் பூட்டப்படுகிறது. பிரான்சின் வெர்சாயில் 1990-ல் தொடங்கிய ஓஸ்மோதேக் காப்பகம் அருமையான பணி செய்கிறது. அதன் அக்கறையும் வாசனைத் திரவியங்களோடு நிற்கிறது.

நெல் அவிக்கும் ஆலை முற்றத்தை யார் பதிவுசெய்வார்கள்? ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிய அச்சகத்தை? இலுப்பை எண்ணெயும் வௌவால் புழுக்கையும் சேர்ந்து மணக்கும் பிராகாரத்தை, மூக்குப்பொடிக் கடையை, மரச்செக்கை? லாபம் தராத இந்த மணங்களுக்காகவே நாங்கள் கூடியிருக்கிறோம்.

நாற்றங்களும் பதிவாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டோம். ஆலைக் கழிவு நாறுகிறது என்று ஊர் முறையிட்டால் ஆதாரம் கேட்கிறார்கள். அதிகாரி வந்து சேர்வதற்குள் காற்று திசை மாறிவிடுகிறது. 2004-ல் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் இதற்கு வழி கண்டார்கள். வாளிக்குள் பிளாஸ்டிக் பையைப் பொருத்தி, நாறும் காற்றை அதில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். தங்கள் மூக்கையே நம்பி, எங்கே எப்போது நாறுகிறது என்று கவனித்தார்கள். அவர்களையே எங்கள் முன்னோடிகளாக ஏற்கிறோம். சில கந்தகச் சேர்மங்கள் கருவிக்குத் தட்டுப்படாத அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். அதனால் கருவியின் அளவோடு, முகர்ந்தவரின் சொல்லும் சேர்ந்தால்தான் பதிவு முழுமை பெறும்.

பொது இடத்தின் மணம் பொதுச்சொத்து. அதன் சூத்திரம் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும். ஓர் ஊரில் பதிவுசெய்தால் அதன் ஒரு படி அந்த ஊரிடமே இருக்க வேண்டும். மனித உடலின் மணத்தை உரியவர் சம்மதமின்றிப் பிடிக்கக் கூடாது. சர்க்கரை நோய் கட்டுமீறியவரின் மூச்சில் அசிட்டோன் வீசும். நாளைய கருவி இதைப்போல இன்னும் எத்தனையையோ காட்டிக்கொடுக்கும். உயர்ந்த மணம், தாழ்ந்த மணம் என்ற பிரிவு நாங்கள் அமைக்கும் காப்பகத்தில் இருக்காது. கருவாட்டு வாசத்தைச் சொல்லி வாடகைக்கு வீடு மறுக்கும் நகரங்களில் வாழ்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

கேஸ் குரோமட்டோகிராஃப் வைத்திருக்கும் கல்லூரி, பல்கலைக்கழக வேதியியல் துறைகளே, வாரத்தில் ஒரு நாளை ஊர் மணங்களுக்கு ஒதுக்குங்கள். தமிழக அரசே, ஆவணக் காப்பகத்தில் மணத்துக்கும் ஓர் அறை திறந்துவிடு. நண்பர்களே, உங்கள் ஊரில் மறையவிருக்கும் மணம் எது? இடம், மாதம், நேரம், காற்றின் திசை, அது எதைப்போல மணக்கிறது என்பதையெல்லாம், அதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கள்.